பத்தொன்பது விநாடி

தார்வோவை நான் முதலில் பார்த்தது
ஒரு நீலத் தொப்பியாகத்தான்.
வில்யாண்டி நகர நீச்சல்குளத்தில்
காலை ஆறு மணிச் சீட்டு கிழிப்பது என் வேலை.
நாலாம் தடத்தில் அந்தத் தொப்பி போகும், வரும்.
ஏழு வயதுப் பிள்ளைகள் அதைத் தாண்டிப் போவார்கள்.
பத்தொன்பது வயதில் நீந்தக் கற்றவன்.
"தண்ணீருக்கு இன்னும் என்னைத் தெரியாது" என்பான்.

பிறகு திருமணம்.
பிறகு வரவேற்பறையில் மூன்று சைக்கிள், ஒரு நாற்காலி.
குளியலறைக் கம்பியில் அவனது ரப்பர் உடை
தலையில்லாத விருந்தாளி போலத் தொங்கும்.
ஜன்னல் தொழிற்சாலையில் இரவுப் பணி முடித்து
ஓடியே வீட்டுக்கு வருவான், பதினாறு கிலோமீட்டர்.
பேருந்துக் காசு மிச்சம் என்று வரவில் எழுதுவேன்,
காலணித் தேய்மானத்தைச் செலவில்.

கணக்கு என்னுடையது.
நோட்டின் பின்னட்டையில் ஒருநாள் போட்டுப் பார்த்தேன்:
அந்த டிரையத்லானுக்கு ஏரிக்கரையில் நின்றவர்கள்
அறுநூற்றுப் பன்னிரண்டு.
தொழில்முறை உரிமம் வேண்டும் என்றவர்கள் முப்பது.
கிடைத்தது இருவருக்கு.
அந்த இருவரில்
நீந்தியும் மிதித்தும் ஓடியுமே
வாடகை கட்டுகிறவர்...
பென்சிலைக் கீழே வைத்தேன்.
தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தவன்
"பூஜ்யம் என்று எழுதவில்லையே!" என்றான்,
எதையோ வென்றவன் மாதிரி.

முதல் ஆண்டு நாலு நிமிடத்தில் தவறியது உரிமம்.
இரண்டாம் ஆண்டு பத்தொன்பது விநாடியில்.

பத்தொன்பது விநாடி என்பது
அவன் காலுறை மாட்டும் நேரம்.
சமையலறையில் உட்காரவைத்து அளந்திருக்கிறேன்:
ஈரக் கால், இடது பதினொன்று, வலது எட்டு.
அந்தக் குளிர்காலம் முழுக்க
காலணிக்குள் வெறுங்காலோடு ஓடினான்.
குதிகால் உரிந்து, ஆறி, உரிந்து
கருகிய ரொட்டியின் அடிப்பக்கம் போல் ஆயிற்று.

மூன்றாம் ஆண்டு வந்தேவிட்டது,
தபாலில், மின்கட்டணச் சீட்டோடு ஒட்டிக்கொண்டு.
அவன் அம்மா ஹெல்வி தொலைபேசியில் கேட்டாள்:
"இனிமேல் சம்பளம் வருமா?"
நான் போய் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

அதுவரை வயதுப் பிரிவில் மேடை ஏறுகிறவன்.
புகைபோட்ட விலாங்கு, தேன் பாட்டில்,
ஒருமுறை தோட்டத்துத் தள்ளுவண்டி;
கோப்பையை அதிலேயே வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான்.
உரிமக்காரன் ஆனபின் விலாங்கு கிடையாது.
பத்துப் பேருக்குத்தான் பணம்.
அவன் முப்பத்து நாலாவது. இருபத்தெட்டாவது.
போர்ச்சுகலில் கடலிலிருந்து கடைசியாக எழுந்தவன்;
அவன் பின்னாலேயே படகுக்காரர்
மிதவைகளைச் சுருட்டிக்கொண்டு வந்தாராம்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள்.
எங்களுக்குச் சுண்டைக்காயே இல்லை, கூலி மட்டும்:
விமானத்தில் சைக்கிள் பெட்டிக்கு அறுபது யூரோ.
திரும்பிவர இன்னொரு அறுபது.

செப்டம்பரில், லாத்வியாவில், பதினோராவது.
பத்தாமவனின் முதுகு எட்டு மீட்டர் தூரத்தில்.
கோட்டைத் தாண்டிப் புல்லில் விழுந்து கிடந்தான்.
ஆறுதல் வாக்கியம் ஒன்றை
வாய்க்குள் தயாராக வைத்துக்கொண்டு போனேன்.
கண்ணைத் திறக்காமலே கேட்டான்:
"காலுறை மாட்டினேன், பார்த்தாயா?"
பார்த்தேன்.
எல்லோரும் ஓடிப்போன அந்த இடத்தில்
பெஞ்சில் உட்கார்ந்து, சுருக்கம் நீவி,
இடது, அப்புறம் வலது.
"ஒரு அடிகூட வலிக்கவில்லை, ஏனெலி" என்றான்.
சிரித்தானா அழுதானா,
முகமெல்லாம் உப்பு, சொல்ல முடியவில்லை.
அந்த வாக்கியத்தை நான் விழுங்கிவிட்டேன்.

இன்று காலை ஆறு மணி.
வெளியே பனி பெய்கிறது, வரிசையில் நாலு பேர்.
நாலாமவன் நீலத் தொப்பியைக் கையில் வைத்திருக்கிறான்.
சீட்டு கிழித்துக் கொடுத்தேன்.
ஊழியரின் கணவருக்குப் பாதி விலை.